கொரோனா சலுகைகளில் எது லாபம், எது சுமை: கடலூர், புதுச்சேரி கடைக்காரர்களுக்கு ஒரு கணக்கு

2020இல் சிறு வியாபாரிகளுக்கு அரசு நிவாரணம் என்று வந்தவற்றில் பெரும்பகுதி கடன். மீதியில் பாதி, தவணையைத் தள்ளிப்போட அனுமதி. திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம் என்று தேடினால் கொஞ்சம்தான் இருந்தது, அதுவும் சிலருக்குத்தான். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அந்த மே மாதம் இருபது லட்சம் கோடி என்று அறிவித்ததால், வங்கியிலிருந்து போன் வந்ததும் இது எந்த வகை என்று பிரித்துப் பார்க்காமல் சரி சொன்னவர்கள் நம் பக்கத்தில் நிறைய பேர். சிலருக்கு அது நன்றாகவே அமைந்தது. சிலர் இன்னும் அந்த டியூவைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தனை வருடம் கழித்து இதை எதற்குக் கிளறுகிறாய் என்று கேட்கலாம். நம் கரையில் கடை மூடிக் கிடப்பது ஒரு தடவையோடு போகிற விஷயம் இல்லை. 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2020 ஊரடங்கு, 2021 இரண்டாவது அலை, 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல். ஒவ்வொரு தடவையும் அதே கேள்விதான் வருகிறது: வியாபாரம் நின்றுவிட்டது, வட்டி நிற்கவில்லை, அரசு நாலு கதவைத் திறந்து வைத்திருக்கிறது, எதில் நுழைவது?

நான் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் சில்லறைக் கடைகளுக்கும் சிறு பட்டறைகளுக்கும் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பவன். புதுச்சேரியிலும் சில கடைகள் உண்டு. அதனால் எல்லையின் இரண்டு பக்கமும் என்ன நடந்தது என்று ஓரளவு தெரியும். மத்திய அரசும் ரிசர்வ் வங்கியும் கொடுத்தவை இரு பக்கமும் ஒன்றுதான். மாநில அளவில் வந்த ரொக்கம், அதாவது தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2020 ஏப்ரலில் ஆயிரமும் 2021 மே, ஜூனில் இரண்டு தவணையாக நாலாயிரமும், குடும்பத்துக்கு வந்தது, கடைக்கு வந்தது இல்லை. அடுப்பு எரிந்தது, சரி, ஆனால் கடை வாடகைக்கு அது காணாது. அதனால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

முதலில் எல்லோரும் எடுத்த தவணைத் தள்ளிவைப்பு. 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி மூன்று மாதத்துக்கு அனுமதித்தது, மே 22 அன்று இன்னொரு மூன்று மாதம் நீட்டித்தது. ஆக மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ஆறு மாதம். வங்கி, கூட்டுறவு வங்கி, நிதி நிறுவனம், மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் நுண்கடன் நிறுவனம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். சில வங்கிகள் கேட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தன, சில வங்கிகள் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காத எல்லோருக்கும் தாமாகவே போட்டுவிட்டன. கட்டக் கையில் பணம் இருந்தவர்கூட இப்படிச் சும்மா இருந்தே ஆறு மாதத் தள்ளிவைப்பில் மாட்டினார்.

மாட்டினார் என்று ஏன் சொல்கிறேன்? ஒரு கணக்குப் போடலாம். ஐந்து லட்சம் பாக்கி, 12 சதவீத வட்டி, இன்னும் 36 தவணை இருக்கிறது என்று வையுங்கள். மாதத் தவணை சுமார் 16,607. ஆறு மாதம் கட்டாமல் விட்டால் வட்டி ஏறி, பாக்கி 5,30,760 ஆகிவிடும். பழைய தவணையையே தொடர்ந்தால், விட்டுப்போன ஆறும் போக, கடைசியில் கிட்டத்தட்ட மூன்று தவணை கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். ரூபாயில் ஏறத்தாழ 44 ஆயிரம். ஆறு மாதத்தில் கையில் நின்றது ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதற்குக் கொடுத்த விலை 44 ஆயிரம். மூன்று வருடத்துக்கும் மேல் நீண்டு கிடந்த ஒரு லட்சம் என்பதால் விலை அப்படி.

அப்புறம் இந்த வட்டிக்கு வட்டி விவகாரம். உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கைப் பற்றி டீக்கடையில்கூடப் பேசினார்கள். 2020 அக்டோபரில் மத்திய அரசு, இரண்டு கோடி வரையிலான கடன்களுக்கு அந்த ஆறு மாதக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைத் திருப்பித் தந்தது. தள்ளிவைப்பு எடுக்காதவர்களுக்கும் உண்டு. நம் உதாரணத்தில் அது எவ்வளவு தெரியுமா? 760 ரூபாய். கூட்டு வட்டி 30,760, தனி வட்டி 30,000, அவ்வளவுதான் வித்தியாசம். மொத்த வட்டியையே தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு பாஸ்புக்கைப் பார்த்தவர்களின் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. 2021 மார்ச் 23 தீர்ப்பும் அந்த வட்டிக்கு வட்டியை எல்லோருக்கும் நீக்கியதே தவிர, அசல் வட்டியைத் தொடவில்லை.

சிசி கணக்கு, அதாவது ஒரு வரம்புக்குள் தேவைக்கு எடுத்துத் திரும்பப் போடும் கேஷ் கிரெடிட் கடன் வைத்திருந்த கடைகளுக்கு நிலைமை இன்னும் வேறு. லாரன்ஸ் ரோடு ஜவுளிக் கடையோ புதுச்சேரி நேரு வீதி பாத்திரக் கடையோ பெரும்பாலும் சிசியில்தான் ஓடும், அங்கே மாதத் தவணை கிடையாது, வட்டி மட்டும்தான். அந்த ஆறு மாத வட்டியைத் தனிக் கடனாக மாற்றி, 2021 மார்ச் 31க்குள் கட்டி முடிக்கச் சொன்னார்கள். ஐந்து லட்சம் சிசி என்றால் முப்பதாயிரம் சொச்சத்தை ஏழு மாதத்தில், நடப்பு வட்டிக்கு மேல் மாதம் நாலாயிரத்துச் சொச்சம் சேர்த்து. செப்டம்பரில் திறந்த கடை தீபாவளிக்குச் சரக்கு போடுவதா, பழைய வட்டியைக் கட்டுவதா என்று திண்டாடியது இதனால்தான். சிசிக்காரர்களுக்கு இந்தத் தள்ளிவைப்பை நான் பரிந்துரைக்கவே மாட்டேன், வட்டி கட்ட ஒரு வழியும் இல்லை என்றால் ஒழிய.

இரண்டாவது கதவு, அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம். வங்கிக்காரர்கள் இசிஎல்ஜிஎஸ் என்பார்கள். 2020 மே 13 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார், மூன்று லட்சம் கோடி. 2020 பிப்ரவரி 29 அன்று உங்கள் பாக்கி எவ்வளவோ அதில் 20 சதவீதம் வரை புதிதாகக் கடன். புது அடமானம் கிடையாது, உத்தரவாதக் கட்டணம் கிடையாது, நான்கு வருடம், முதல் வருடம் வட்டி மட்டும் கட்டினால் போதும். வங்கியில் 9.25 சதவீதத்துக்கு மேல் வட்டி போடக் கூடாது, நிதி நிறுவனத்தில் 14க்கு மேல் போகக் கூடாது.

அதே ஐந்து லட்சக்காரருக்கு இதில் ஒரு லட்சம் கிடைக்கும். முதல் வருடம் மாதம் 771 ரூபாய் வட்டி, அடுத்த மூன்று வருடம் மாதம் சுமார் 3,190. நான்கு வருடத்தில் மொத்த வட்டி 24 ஆயிரம் சொச்சம். இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறு மாதத் தவணையை நிறுத்தினால் கையில் நிற்பது 99,642, விலை 44 ஆயிரம். அவசரக் கடனில் கையில் வருவது ஒரு லட்சம், விலை 24 ஆயிரம். அந்தக் கடனை வாங்கி அதிலிருந்தே பழைய டியூவைக் கட்டியிருந்தால்கூட மிச்சம்தான். கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும், கடன் வாங்கிக் கடன் கட்டாதே என்றுதானே நம் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். ஆனால் 12 சதவீதக் கடனை 9.25 சதவீதப் பணத்தால் கட்டுவது வேறு, தினவசூல் தண்டல்காரரிடம் வாங்கி வங்கிக்குக் கட்டுவது வேறு.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று நேரம். தள்ளிவைப்பு மார்ச் மாதத்திலேயே வந்துவிட்டது, அவசரக் கடன் கைக்கு வர ஜூன், ஜூலை ஆனது. அதற்குள் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்களால் கடலூர் மாவட்டத்தில் மே மாதத் தொடக்கத்தில் தொற்று கிடுகிடுவென ஏறி, தெருத் தெருவாகத் தட்டி கட்டி அடைத்தார்கள். அந்த இரண்டு மூன்று மாதத்துக்குத் தள்ளிவைப்பை விட்டால் வேறு வழி இருக்கவில்லை. ஆகவே முதல் மூன்று மாதம் தள்ளிவைப்பு, கடன் வந்ததும் அதை நிறுத்திவிட்டுப் பழையபடி டியூ கட்டுவது என்பதுதான் சரியான கலவை. இரண்டையும் முழுசாக எடுத்தவர்கள் இரண்டு பக்கமும் ஏற்றிக்கொண்டார்கள்.

இரண்டாவது சிக்கல் யாரும் எதிர்பாராதது. 2020 ஜூனில் வாங்கியவருக்கு அந்த ஒரு வருட அவகாசம் முடிந்தது 2021 ஜூனில். தமிழ்நாட்டில் 2021 மே 10 முதல் மறுபடி முழு ஊரடங்கு. அதாவது கடை மூடிக் கிடந்த சமயத்தில் சரியாக அசல் டியூ ஆரம்பித்தது. மே மாதக் கடைசியில் அரசு, கடன் மறுசீரமைப்புக்கு (கட்டும் காலத்தை மாற்றி எழுதிக்கொள்வதற்கு) தகுதியுள்ளவர்கள் ஐந்து வருடமாக நீட்டித்து இரண்டு வருடம் வட்டி மட்டும் கட்டலாம், கூடுதலாகப் பத்து சதவீதமும் வாங்கலாம் என்று மாற்றியது. அதைக் கேட்டு வாங்கினவர் தப்பித்தார். வங்கி தானாகக் கூப்பிட்டுச் சொல்லும் என்று காத்திருந்தவருக்குக் கணக்கில் தவணை தவறியதாகப் பதிவாகி, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் இறங்கியது.

உத்தரவாதம் என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அரசே ஜாமீன் போட்டிருக்கிறது, கட்டாவிட்டால் அரசு கட்டிவிடும் என்று ஒரு பேச்சு இரண்டு ஊர்களிலும் ஓடியது. ஜாமீன் வங்கிக்குத்தான். நாம் கட்டாவிட்டால் வங்கிக்கு நஷ்டம் வராது, நமக்குக் கடன் தீராது. வங்கி வசூலை விடவும் விடாது.

யாருக்கு இது கிடைக்கவில்லை என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தவருக்குத்தான் இந்தத் திட்டம். கடனே வாங்காமல், சொந்தப் பணத்தில் கௌரவமாகக் கடை நடத்தியவருக்குப் பூஜ்யத்தில் இருபது சதவீதம் பூஜ்யம். பிப்ரவரி 29 அன்று அறுபது நாளுக்கு மேல் டியூ தவறியவருக்கும் கிடையாது. இந்த முதல் வகையினருக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும், ஒழுங்காக இருந்ததற்குத் தண்டனை மாதிரி இருந்தது.

சரி, திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம் எங்கே இருந்தது? பிஎஃபில், அதாவது தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் இருந்தது. நூறு பேர் வரை வேலை செய்யும் இடம், அதில் தொண்ணூறு சதவீதம் பேர் பதினைந்தாயிரத்துக்குக் கீழ் சம்பளம் என்றால், 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை முதலாளி பங்கு 12, தொழிலாளி பங்கு 12, இரண்டையும் மத்திய அரசே கட்டியது. இருபத்திரண்டு பேர், பத்தாயிரம் சம்பளம் உள்ள ஒரு பட்டறையை வையுங்கள். மாதம் 52,800, ஆறு மாதத்துக்கு 3,16,800. அதில் முதலாளிக்கு மிச்சம் 1,58,400, தொழிலாளிக்கு ஆளுக்கு மாதம் 1,200 பிடித்தம் இல்லாமல் கையில். வட்டி இல்லை, திருப்பிக் கட்டுவதும் இல்லை. செய்ய வேண்டியது மாதாந்திரக் கணக்கைத் தாக்கல் செய்வது மட்டும்.

பண்ருட்டி முந்திரி உடைக்கும் கொட்டகைகளிலும், சிப்காட்டைச் சுற்றியுள்ள சின்ன ஒப்பந்தப் பட்டறைகளிலும், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையிலும் எத்தனை பேருக்கு பிஎஃப் எண் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இருபது பேர் ஆகிவிட்டால் பிஎஃபில் வர வேண்டும் என்பதால் பதினெட்டோடு நிறுத்தி, மீதிப் பேரை மேஸ்திரி கணக்கில் வைப்பது நம் ஊர் வழக்கம். மாதாமாதம் மிச்சம் என்று நினைத்துச் செய்தது, ஒன்றரை லட்சத்தை விட வைத்தது. இந்தச் சலுகைகளில் எது நல்லது என்று ஒரே ஒன்றைச் சொல்லச் சொன்னால் பிஎஃபைத்தான் சொல்வேன்.

ஜிஎஸ்டியில் கிடைத்தது அவகாசம். ஐந்து கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்கள் 2020 மே, ஜூன், ஜூலை மாத ரிட்டர்னை செப்டம்பருக்குள் தாக்கல் செய்தால் வட்டியும் தாமதக் கட்டணமும் இல்லை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலானவற்றுக்கு ஜூலைத் தொடக்கம் வரை வட்டி இல்லை, அதற்குப் பிறகும் செப்டம்பர் கடைசி வரை பதினெட்டுக்குப் பதில் ஒன்பது சதவீதம். வட்டியே இல்லாமல் சில மாதம் கையில் நின்ற பணம் என்று பார்த்தால் இது எல்லாக் கடனையும்விட மலிவு. ஆனால் அது வாடிக்கையாளரிடம் வாங்கி வைத்திருக்கும் அரசுப் பணம், அதை எடுத்து வாடகை கட்டிவிட்டால் செப்டம்பரில் மொத்தமாகக் கேட்பார்கள். அதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

யாரும் பேசாத இன்னொன்று உண்டு. 2020 மார்ச்சிலும் மேயிலும் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியை, 5.15இலிருந்து 4 சதவீதத்துக்குக் குறைத்தது. 2019 அக்டோபருக்குப் பிறகு மாறும் வட்டியில் புதிதாகக் கடன் வாங்கிய குறு, சிறு தொழில்களின் வட்டி ரெப்போ மாதிரியான வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருந்ததால், அவர்களுக்கு மனுப் போடாமலே வட்டி குறைந்தது. ஐந்து லட்சத்துக்கு வருடம் ஐயாயிரத்துக்கு மேல். பழைய முறையில் வாங்கியவர்களுக்கு மெதுவாகத்தான் இறங்கியது, புது முறைக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்தவர்களுக்குத்தான் முழுப் பலன். 760 ரூபாய்க்கு வழக்கு, தீர்ப்பு என்று இவ்வளவு பேசினோம், இந்த ஐயாயிரத்துக்கு வங்கி மேலாளரிடம் ஒரு தாள் கொடுக்கத் தோன்றவில்லை. (2022 மேயிலிருந்து ரெப்போ மறுபடி ஏறி 6.50 வரை போனது, இந்தக் கத்தி இரண்டு பக்கமும் வெட்டும். ஆனால் நெருக்கடி நேரத்தில் வட்டியைக் குறைப்பதுதான் வழக்கம் என்பதால் அப்போது ரெப்போவோடு இருப்பதே மேல்.)

மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் சிசு கடன், அதாவது ஐம்பதாயிரம் வரை வாங்கியவர்களுக்கு, ஒரு வருடம் இரண்டு சதவீத வட்டி மானியம் வந்தது. நாற்பதாயிரம் பாக்கிக்கு அதிகபட்சம் 800 ரூபாய். வந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

தெருவோர வியாபாரிகளுக்கு 2020 ஜூன் 1 அன்று வந்த ஸ்வநிதி திட்டம் வேறு ரகம். 2020 மார்ச் 24க்கு முன்பிருந்தே தெருவில் விற்பவர்களுக்கு பத்தாயிரம், ஒரு வருடத்தில் கட்ட வேண்டும், அடமானம் இல்லை. ஒழுங்காகக் கட்டினால் ஏழு சதவீத வட்டி மானியம் கணக்குக்கு வரும். போன் வழியாகப் பணம் வாங்கினால் மாதம் நூறு ரூபாய் வரை, வருடத்துக்கு 1,200 வரை திரும்ப வரும். வங்கியில் 12 சதவீதத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 888, வருட வட்டி மொத்தம் 662. ஏழு சதவீத மானியம் அதில் பாதிக்கு மேல் தின்றுவிடும், மிச்சத்தை போன் பணம் ஈடுகட்டி, மேலே கையிலும் கொஞ்சம் நிற்கும். கடன் வாங்கி லாபம் பார்த்த கதை என்று நான் கண்டது இது ஒன்றுதான்.

இதற்கு எதிரில் நின்றது தண்டல். பத்தாயிரம் என்று பேசி ஒன்பதாயிரத்தைக் கையில் வைத்து, தினம் நூறு வீதம் நூறு நாள். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும், வருடக் கணக்கில் போட்டால் எண்பது சதவீத வட்டிப் பக்கம் வரும். அப்படியும் மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரத்திலும் பெரிய மார்க்கெட்டிலும் பலர் தண்டலைத்தான் எடுத்தார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தண்டல்காரர் காலை ஆறு மணிக்கு மீன் கூடைக்குப் பக்கத்திலேயே வந்து பணம் கொடுக்கிறார். ஸ்வநிதிக்கு வியாபாரச் சான்றோ நகராட்சியின் பரிந்துரைக் கடிதமோ வேண்டும், ஆதாரில் போன் எண் இணைந்திருக்க வேண்டும், அப்புறம் வங்கியில் ஒப்புதல் வர வேண்டும். 2020 ஆகஸ்ட் வரை கையில் வராத மலிவுக் கடனைவிட ஏப்ரலில் வந்த விலை உயர்ந்த கடன் அவர்களுக்கு அவசியமாகப் பட்டது.

பாகூர், அரியாங்குப்பம் பக்கமிருந்து வந்து புதுச்சேரி நகராட்சி, உழவர்கரை நகராட்சி எல்லைக்குள் விற்பவர்கள், தாங்கள் கிராமப்புறக் கொம்யூன் பஞ்சாயத்து ஆட்கள், தங்களுக்குக் கிடையாது என்று நினைத்து ஒதுங்கினார்கள். எங்கே வசிக்கிறோம் என்பதைப் பார்ப்பதில்லை, எங்கே விற்கிறோம் என்பதைத்தான் பார்ப்பார்கள், நகர எல்லைக்குள் விற்கும் சுற்றுவட்டாரக்காரர்களுக்கும் உண்டு. திட்டம் இன்னும் ஓடுகிறது. 2025 ஆகஸ்டில் முதல் கடனைப் பதினைந்தாயிரமாகவும் இரண்டாவதை இருபத்தைந்தாயிரமாகவும் உயர்த்தி 2030 மார்ச் வரை நீட்டித்திருக்கிறார்கள், மூன்றாவது ஐம்பதாயிரம் அப்படியே. எந்த நெருக்கடியும் இல்லாத இப்போது முதல் கடனை வாங்கிக் கட்டி முடித்து வைத்திருப்பவருக்கு, நெருக்கடி வரும்போது இரண்டாவது கடன் சுலபமாகக் கிடைக்கும்.

நகைக் கடனைச் சொல்லாமல் விட்டால் நம் வீட்டுப் பெண்கள் சண்டைக்கு வருவார்கள். உண்மையில் அந்த ஆறு மாதம் பல கடைகளை நடத்தியது பீரோவில் இருந்த நகைதான். 2020 ஆகஸ்ட் 6 அன்று ரிசர்வ் வங்கி, வங்கிகள் நகை மதிப்பில் 75 சதவீதத்துக்குப் பதில் 90 சதவீதம் வரை கடன் கொடுக்கலாம் என்று 2021 மார்ச் 31 வரை தளர்த்தியது. நல்லதுதானே என்று தோன்றும். அந்த வாரம் சவரன் 43 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது, 2021 மார்ச்சில் 34 ஆயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது. 90 சதவீதம் வாங்கியவருக்கு நகையின் மதிப்பைவிடக் கடன் பெரிதாகிவிட்டது, வங்கி கூடுதல் பணம் கட்டச் சொன்னது. 75க்கு மேல் எடுக்காதவருக்குத் தலைவலி அதிகம் இல்லை. கூட்டுறவு வங்கியில் ஐந்து சவரன் வரை வைத்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் நிபந்தனைகளோடு தள்ளுபடியும் வந்தது. அது அதிர்ஷ்டம். தேர்தல் வருடத்தை நம்பி நகையை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது வியாபாரம் ஆகாது.

புதுச்சேரியில் சுற்றுலாவை நம்பியவர்களின் கணக்கு தனி. வெள்ளை நகரத்தில் வீட்டை வாடகைக்கு எடுத்து விருந்தினர் இல்லம் நடத்தியவர்கள், படகு விட்டவர்கள், இருசக்கர வண்டி வாடகைக்கு விட்டவர்கள், இவர்களுக்குக் கடை திறந்தாலும் ஆள் வர வேண்டுமே. எல்லையில் இ-பாஸ், ஊருக்குள் கட்டுப்பாடு என்று 2021இலும் இழுத்தது. 2021 மார்ச் 31 அன்று விருந்தோம்பல், பயணத் துறைகளுக்கு அவசரக் கடனை விரித்தார்கள்: பாக்கியில் 40 சதவீதம் வரை, ஆறு வருடம், முதல் இரண்டு வருடம் அசல் வேண்டாம். அதே வருடம் ஜூனில் சுற்றுலா முகவர்களுக்குப் பத்து லட்சம், உரிமம் பெற்ற வழிகாட்டிகளுக்கு ஒரு லட்சம் வரை உத்தரவாதக் கடன். முகவர் என்றால் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்றவர். மிஷன் வீதியில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடைக்கு அது எங்கே இருக்கிறது?

தகுதி இருந்தவர்களில்கூட, வாடகைக் கட்டடத்தில் நடத்தியவர்களுக்கு 40 சதவீதக் கடனை எடுக்காதீர்கள் என்றுதான் சொன்னேன். வருமானம் சில மாதம் நின்று மறுபடி பழைய அளவுக்கு வரும் என்றால் கடன் பாலம் போடும். எப்போது வரும் என்றே தெரியாத வருமானத்துக்குக் கடன் வாங்கினால் அது வீட்டு உரிமையாளரின் வாடகையாகத்தான் போய்ச் சேரும். எட்டு அறையை நாலாகக் குறைத்துக்கொண்டவர்கள், கட்டடத்தையே ஒப்படைத்துவிட்டு 2022இல் புதிதாகப் பிடித்தவர்கள் இப்போது நன்றாக இருக்கிறார்கள். மூடுவதும் ஒரு தேர்வுதான், எந்தத் திட்ட அறிக்கையிலும் அதைப் போட மாட்டார்கள்.

2021 மேயில் வந்த கடன் மறுசீரமைப்பையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். இரண்டு வருடம் வரை நீட்டிப்பு கிடைத்தது, பதிலுக்கு சிபிலில் மறுசீரமைத்த கடன் என்று ஒரு குறி விழும். கணக்கு வாராக்கடன் ஆவதைவிட அது மேல். டியூ கட்ட முடிகிறவர் அதை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவு உண்டு, அதனால் அங்கே என்ன கொடுத்தார்கள் என்ற பேச்சும் அப்போது வந்தது. அங்கே 2020 மார்ச்சில் தொடங்கிய ஒருமைப்பாட்டு நிதியில், விற்பனை பாதிக்கு மேல் விழுந்த சிறு கடைகளுக்கு மாதம் 1,500 யூரோ வரை நேரடியாகக் கொடுத்தார்கள், திருப்பிக் கேட்கவில்லை. அமெரிக்காவில் கடனாகக் கொடுத்து, பெரும்பகுதியைச் சம்பளத்துக்குச் செலவிட்டதாகக் காட்டினால் தள்ளுபடி செய்தார்கள். இங்கே கடனுக்கு ஜாமீன். ஒருவர் இரண்டு நாட்டையும் ஒப்பிட்டு நம் அரசைத் திட்டுவார், எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நம் கடைகளில் பாதிக்கு விற்பனை எவ்வளவு என்பதற்கே தாள் கிடையாது, பாதிக்கு மேல் விழுந்தது என்று எதை வைத்துக் காட்டுவது? ஆனால் ஜிஎஸ்டி கட்டுகிறவர்களுக்காவது விற்பனைக் கணக்கு அரசின் கையிலேயே இருந்தது. அவர்களுக்கு நேரடியாகக் கொடுத்திருக்க முடியும், கொடுக்கவில்லை. அது கொள்கை முடிவு, தகவல் இல்லாத குறை அல்ல.

ஆக, நாளை இன்னொரு ஊரடங்கோ புயலோ வந்து ஒரு கடைக்காரர் என்னிடம் வந்தால், நான் பார்க்கும் வரிசை இது. பிஎஃப் மாதிரி திருப்பிக் கேட்காத பணம் ஏதாவது இருக்கிறதா, அதை முழுசாக எடுங்கள். வட்டி விகிதத்தைக் குறைக்க வழியிருந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். தவணைத் தள்ளிவைப்பை ஒரு மாதம், இரண்டு மாதம் என்று தேவைக்கு மட்டும், முடிந்தால் வட்டியை மட்டுமாவது கட்டிக்கொண்டு. ஐந்து லட்சத்துக்கு மாதம் ஐயாயிரம் கட்டியிருந்தாலே அந்த 44 ஆயிரம் முப்பதாயிரத்தோடு நின்றிருக்கும். உத்தரவாதக் கடனைப் பழைய கடனைவிட வட்டி குறைவாக இருந்தால் எடுங்கள், சரக்குக்கோ டியூவுக்கோ போகட்டும், வீட்டு விசேஷத்துக்குப் போகக் கூடாது. தகுதி ஒரு லட்சம் என்றால் ஒரு லட்சத்தையும் வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. நகையில் பாதி மதிப்புக்கு மேல் தொட வேண்டாம். தண்டல் எல்லாவற்றுக்கும் கடைசி, அதுவும் மலிவுக் கடன் வரும் வரைக்கும் மட்டும்.

இதில் பலவும் நெருக்கடி வந்த பிறகு தாள் தயார் செய்து வாங்கக்கூடியவை இல்லை, பிப்ரவரி 29, மார்ச் 24 என்று முக்கியத் திட்டங்களுக்குக் கடந்துபோன தேதி ஒன்று தகுதியாக இருந்தது. ஆகவே சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இல்லாதவர்கள் இந்த வாரமே போட்டுவிடுங்கள். 2021 ஜூலை முதல் சில்லறை, மொத்த வியாபாரிகளும் பதியலாம், முன்னுரிமைக் கடனுக்கு அது உதவும். ஆதாரும் பானும் இருந்தால் போதும், போனிலேயே முடிந்துவிடும், கட்டணம் கிடையாது. ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் இணையதளங்கள் அரசுடையவை இல்லை, அங்கே போய்ப் பணத்தைக் கொடுத்துவிட்டு என்னிடம் வராதீர்கள்.